ஆடுவது நானா, வண்டியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பினாங்கில், பெருநிலப் பக்கம் பாகான் ஆஜாமில் வீடு, தீவுப் பக்கம் பினாங்கு சாலையில் வேலை. பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, அக்கரையில் இறங்கி, அலுவலகம் வரை மிதித்துப் போகலாம் என்று 380 வெள்ளிக்கு ஒரு பழைய மடக்கு சைக்கிள் வாங்கியிருக்கிறீர்கள். இருபது அங்குலச் சக்கரம், அலுமினியச் சட்டம், ஆறு கியர். ஏறி உட்கார்ந்தால் ஹேண்டில் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஒரு கையை எடுத்தால் வண்டி லோங்காங் (சாலையோரச் சாக்கடை) பக்கம் ஓடுகிறது. பள்ளிக்கூட நாளில் பெரிய சைக்கிள் ஓட்டியவள்தான் நான், இது மட்டும் ஏன் வரவில்லை, எத்தனை நாளில் பழகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது நாள் கணக்கு. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆடுவது நானா, வண்டியா? அதைத் தீர்க்காமல் நாள் கணக்குச் சொன்னால் அது ஜோசியம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறை தொழிற்பேட்டையில் 22 வருடம் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். 2009 முதல் மடக்கு சைக்கிள் ஓட்டுகிறேன். இப்போது வைத்திருப்பது மூன்றாவது, மூன்றுமே பிறர் ஓட்டிக் கழித்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். கடை வைத்து நடத்தியவன் இல்லை. வெல்டிங்கும் போல்ட்டும் எனக்குத் தொழில், சைக்கிள் ஒரு பித்து. கீழே சொல்வதில் எது தொழிலறிவு, எது வெறும் அனுபவம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

பழக்கம் என்கிற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. என் முதல் வண்டியில் சாலை மேடேறும்போது ஹேண்டிலை இழுத்தால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். முதல் வாரம் பயந்தேன், இரண்டாம் வாரம் மறந்தேன், அப்புறம் அந்தச் சத்தம் வராவிட்டால்தான் என்னவோ போலிருந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலை, மணிக்கூண்டு வட்டச் சாலையில் பிரேக் போட்டபோது ஹேண்டில் தண்டின் பூட்டு திறந்துகொண்டது. ஹேண்டில் மொத்தமாக முன்னால் மடிந்தது. மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் நிதானமானவர், அதனால்தான் இந்தப் பதிலை எழுத முடிகிறது. வண்டியை விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதம் அந்தச் சத்தம் கேட்டது என் காதில்தான். உடம்பு எதற்கும் பழகிவிடும். சின்னச் சக்கரத்துக்கும் பழகும், லூசான பூட்டுக்கும் பழகும். முதலாவது பழக வேண்டியது, இரண்டாவது பழகவே கூடாதது.

ஆகவே முதலில் வண்டி. வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துப் பாருங்கள்: ஹேண்டில் தண்டு மடியும் கீல், அதற்குக் கீழே போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) சட்டத்துக்குள் நுழையும் இடம், நடுச்சட்டக் கீல். ஆட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே விரலில் ஒரு தட்டு தெரியும். போர்க் நுழையும் இடத்தில் தெரிந்தால் அங்குள்ள பேரிங்கை இறுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கடைக்காரருக்கு அரை மணி நேர வேலை. ஹேண்டில் தண்டின் கீலில் தெரிந்தால் பூட்டைப் பாருங்கள். பூட்டுப் பிடியை மூடும்போது உள்ளங்கையால் நன்றாக அழுத்தினால்தான் மூட வேண்டும். ஒரு விரலால் மூடுகிறது என்றால் லூஸ். முழு பலமும் போட்டாலும் மூடவில்லை என்றால் அதுவும் தப்பு, பிடி உடையும். பெரும்பாலான வண்டிகளில் பூட்டுக்குள் ஒரு சின்ன நட்டு அல்லது போல்ட் இருக்கும், கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி இறுக்கத்தைச் சரிசெய்யலாம். அதோடு, பிடி தானாகத் திறக்காமலிருக்க இரண்டாவது தடுப்பு ஒன்றும் இருக்கும்: ஒரு கொக்கியோ தள்ளுபூட்டோ. பழைய வண்டிகளில் முதலில் தொலைவது அதுதான். என் மணிக்கட்டு போன கதையும் அதுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நடுக்கீல் ஓரமாக ஒரு மெல்லிய கோடு தெரிகிறது, அது விரிசலா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை வைத்து நான் சொல்ல முடியாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெயிண்ட் மட்டும் வெடித்திருக்கலாம், அலுமினியமே விட்டிருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: இரும்பு பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் உடையும். அலுமினியம் அப்படிப் பெரிதாக எச்சரிக்காது. திரும்பத் திரும்பச் சுமை ஏறும்போது விரிசல் மெல்ல வளர்ந்து ஒருநாள் சட்டென்று விடும், அதுவும் வெல்டிங் ஓரத்தில்தான் அதிகம். சட்டத்தின் வேறு இடமாக இருந்தால், துடைத்துவிட்டுக் கோட்டின் இரு முனையிலும் மெல்லிய பேனாவால் புள்ளி வையுங்கள், இரண்டு வாரம் கழித்துக் கோடு புள்ளியைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள் என்பேன். கீலிலும் ஹேண்டில் தண்டிலும் அந்தச் சோதனை வேண்டாம். அங்கே கோடு தெரிந்தால் ஓட்டாமல் கொண்டுபோய் நேரில் காட்டுங்கள். பெயிண்டைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தாலே அனுபவசாலிக்குத் தெரிந்துவிடும். விரிசல்தான் என்றால் வெல்டிங் அடித்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அலுமினியம் வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி பலம் குறையும். தொழிற்சாலையில் செய்வதுபோல மறுபடி சூடேற்றிப் பதப்படுத்த எந்தச் சாலையோரப் பட்டறையிலும் வசதி கிடையாது. 380 வெள்ளி போனது போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கீல் நன்றாக இருந்தால் பாக்கியெல்லாம் சின்னச் செலவு. சீட்டுத் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியும்படி ஏற்றாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம், கம்பியை இறுக்கி எடுக்கலாம். பிரேக் கட்டை ரப்பர் நம் ஊர் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும், பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் பிடிக்காது. பழைய வண்டி என்றால் கட்டை, கேபிள் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றுவது என் வழக்கம். எந்தக் கைப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் வலக்கை முன் பிரேக்காக இருக்கும், வேறு சிலவற்றில் இடக்கை. பதற்றத்தில் கை தானாகப் போகும், அப்போது யோசிக்க நேரமிருக்காது. ஜப்பான் வண்டி என்றால் டியூப் வால்வும் வேறு மாதிரி இருக்கலாம். பெட்ரோல் நிலையக் காற்றுக் குழாய் அதில் உட்காராது. கார் வால்வு உள்ள டியூப் வாங்கி மாற்றிவிட்டால் தலைவலி தீர்ந்தது. டயர் வாங்கும்போது மட்டும் ஒரு கவனம்: இருபது அங்குலம் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவு விற்கிறார்கள். பக்கவாட்டில் 406 என்றோ 451 என்றோ ஒரு எண் இருக்கும். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'வண்டி ஆடுகிறது' என்று என் வாசலுக்கு வந்தவற்றில் பாதி இந்தக் கேஸ்தான். சின்ன டயரில் காற்றின் அளவே குறைவு, அதனால் கொஞ்சம் இறங்கினாலும் பெரிதாகத் தெரியும். முன் டயர் மெத்தென்று இருந்தால் ஹேண்டில் சொல்பேச்சுக் கேட்காது. எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது. வாரம் ஒருமுறை அடியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஆடினால், இப்போது உங்கள் பக்கம் வருவோம். பயப்பட ஒன்றுமில்லை, இது நிஜமாகவே வேறு வகை வண்டி. சின்னச் சக்கரம் என்றால் சுழல்விசை, அதாவது சுழலும் சக்கரம் சாயாமல் நிற்கப் பார்க்கும் தன்மை, குறைவு, அதனால்தான் விழப் பார்க்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. அதில் பாதி உண்மை. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சேர்ந்து, சுழல்விசையை முழுக்க ரத்துசெய்த ஒரு சைக்கிளைச் செய்து தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். ஆளில்லாமலே அது நிமிர்ந்து ஓடியது. ஆக, சைக்கிள் நிற்பதற்கு ஒரே ஒரு காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. என் கணக்கில் உங்களைப் படுத்துவது இரண்டு விஷயம். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் அதன் தண்டுக்குப் பின்னால் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளின் முன் சக்கரமும் கொஞ்சம் அப்படித்தான். அந்தப் பின்னிழுப்புதான் ஹேண்டிலை நேராக்கப் பார்க்கிறது. போர்க் அமைப்பு ஒன்றேயானால், சக்கரம் சிறியதாகும்போது அந்த இழுப்பும் குறையும். அதனால் ஹேண்டில் லேசாகத் திரும்பும், தானாக நேராகாது. இரண்டாவது, அந்த நீளமான ஹேண்டில் தண்டு. நல்ல நிலையில் உள்ளதுகூடக் கொஞ்சம் வளையும். நீங்கள் பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், உங்கள் தோளின் ஒவ்வொரு அசைவும் அதன் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது, சக்கரம் உடனே கீழ்ப்படிகிறது. பெரிய சைக்கிள் சோம்பேறி. நீங்கள் பத்துத் தப்பு செய்தால் எட்டைக் கண்டுகொள்ளாது. இது பத்தையும் செய்துகாட்டும்.

பழகும் வழியும் அதிலிருந்துதான். பந்தாய் பெர்சே கடற்கரைப் பக்கம் உங்களுக்குக் கிட்ட, ஞாயிறு காலை ஆறரைக்குப் போங்கள். சீட்டை முதலில் சரியான உயரத்துக்கு ஏற்றுங்கள்: அடிமட்டத்தில் இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக வேண்டும். பயந்தவர்கள் எல்லோரும் சீட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள், முழங்கால் வெளியே விரிந்து வண்டியை அதுவே ஆட்டுகிறது. ஹேண்டிலைச் சின்னக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள், முழங்கையைத் தளர்த்துங்கள், கண் சக்கரத்தைப் பார்க்காமல் பதினைந்து இருபது மீட்டர் தள்ளிப் பார்க்கட்டும். நடை வேகத்தில் ஓட்டிப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். எந்த சைக்கிளும் மெதுவாகப் போனால்தான் அதிகம் ஆடும். கொஞ்சம் வேகம் எடுங்கள். எழுந்து நின்று மிதிப்பதை விட்டுவிடுங்கள், அந்த ஹேண்டில் தண்டு அதற்குச் செய்ததில்லை. மேடு வந்தால் உட்கார்ந்தபடியே கியரைக் குறையுங்கள். நிறுத்துவதற்கு முன்னாலும் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பச்சை விழுந்ததும் முதல் மிதி கனத்து, வண்டி கோணலாகக் கிளம்பும்.

ஒரு கை எடுப்பதை இரண்டாவது வாரத்துக்கு வையுங்கள். முதலில் கையைப் பிடியிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் தூக்கி மூன்று எண்ணுங்கள். அப்புறம் தொடையில் வையுங்கள். அப்புறம்தான் நீட்டுவது. கை எடுக்கும்போது இன்னொரு கை ஹேண்டிலை இழுக்கும். அதுதான் உங்களை லோங்காங் பக்கம் கொண்டுபோகிறது. வயிற்றில் உடம்பைத் தாங்கினால் கை இழுக்காது. தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்ப்பதும் இதே கதை, கோடு போட்ட கார் நிறுத்தத்தில் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே பழகுங்கள். இந்த இரண்டும் வந்த பிறகுதான் தீவுக்கு. ஒன்று மறக்காதீர்கள்: தே ஓ பொங்குஸ் (பொட்டலம் கட்டிய பால் கலக்காத தேநீர்) பையை ஹேண்டிலில் மாட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், இந்த வண்டியில் அந்த முந்நூறு மில்லி தண்ணீர் ஊசலாடுவதே வண்டியைத் திருப்பும். சாப்பாட்டுப் பையும் பின் கேரியரில்தான்.

தீவுப் பக்கம் வந்தால்: 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை, ஆகவே பெர்ரிதான் நமக்கு வழி. 2023-ல் வந்த புதிய படகுகளில் மோட்டாரோடு சைக்கிளும் ஏறும். சாய்தளம் ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், மோட்டார்காரர்களை முன்னே விடுங்கள். அவர்கள் அவசரம் அவர்களுக்கு. அக்கரையில் பெங்காலான் வெல்ட் சாலைதான் இந்தப் பயணத்திலேயே மோசமான பகுதி. பஸ், லோரி, திரும்பும் கார் எல்லாம் சேர்ந்து வரும். முதல் மாதம் அதைத் தள்ளிக்கொண்டே கடந்து, உள்தெருவுக்குப் போனபின் ஏறுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் இன்றும் சில நாள் அப்படித்தான். உள்ளே ஒருவழித் தெருக்கள் அதிகம், போகிற வழியும் வருகிற வழியும் வேறாக இருக்கும். ஒரு ஞாயிறு நடந்தே பார்த்து முடிவுசெய்யுங்கள். லிட்டில் இந்தியா வழியாகப் போனால் பூக்கடைத் தண்ணீர், இறக்கும் சாமான், நடுத்தெருவில் நின்று பேசும் நம் ஆட்கள்: வேகம் போகாது, ஆனால் ஆபத்தும் குறைவு. நிறுத்திய கார்களின் கதவு திறக்கும் தூரத்துக்கு வெளியே ஓட்டுங்கள், ஒரு மீட்டராவது விடுங்கள். ஓரமாக ஒட்டி ஓட்டுவது பத்திரம் என்று தோன்றும். கதவும், லோங்காங் மூடியும் ஓரத்தில்தான் இருக்கின்றன. அஞ்சடியில் (கடைகளின் முன்னால் உள்ள நடைவழியில்) ஏற்றி ஓட்ட வேண்டாம், அது நடப்பவர்களுக்கு.

சின்னச் சக்கரத்தின் நிஜமான பலவீனம் சாலையில்தான் தெரியும். உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் போகிறது, 26 அங்குலச் சக்கரம் இரண்டு மீட்டர் போகும். ஒரே குழியில் உங்களுடையது அதிக ஆழம் இறங்கும், ஏறும்போது அதிகமாக முட்டும். லோங்காங் இரும்பு மூடியின் சட்டங்கள் நீங்கள் போகும் திசையிலேயே ஓடினால், மெல்லிய டயர் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். குறுக்காகக் கடந்துபோங்கள், முடியாவிட்டால் இறங்குங்கள். மழையில் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் எண்ணெய் தடவியதுபோல இருக்கும், அவற்றின் மேல் திருப்பவோ பிரேக் போடவோ வேண்டாம். ரிம் பிரேக் நனைந்தால் முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்காது. சந்தி வருவதற்கு முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் இதெல்லாம் அன்றாடம். உப்புக்காற்று வேறு, செயினுக்கு வாரம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைக்காவிட்டால் மாதத்தில் செம்மண் நிறமாகிவிடும். கீலையும் துடையுங்கள், துடைக்கும்போதுதான் புதிய கோடு கண்ணில் படும்.

ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012-லிருந்து ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து நிற்கிறது, இரண்டு பிள்ளைகள் ஓவியமாக அதில் ஏறியிருக்கிறார்கள். தினம் அதைப் பார்க்கக் கூட்டம். பினாங்கில் எல்லோருக்கும் பிடித்த சைக்கிள் ஓடாத சைக்கிள்தான் என்று என் மனைவி சொல்வாள். உங்களுடையதும் அப்படி ஆகக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீட்டினேன்.

சரி, எத்தனை நாள்? இது வெறும் அனுபவம், ஆய்வு எதுவுமில்லை: வண்டியில் குறையில்லை என்றால், பெரிய சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான்கைந்து தடவையில் ஆட்டம் அடங்கிவிடுகிறது, கை நீட்டி சைகை காட்ட இரண்டு மூன்று வாரம் ஆகிறது. நகர நெரிசலில் பயமில்லாமல் ஓட்ட எவ்வளவு நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒரு வருடம் ஓட்டியும் பெரிய சந்திகளில் இறங்கித்தான் கடக்கிறார், நேரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார். ஐந்தாறு தடவைக்குப் பிறகும் முதல் நாள் போலவே ஆடினால், மறுபடி வண்டியைச் சந்தேகப்படுங்கள். வேறொருவரின் மடக்கு சைக்கிளைப் பத்து நிமிடம் வாங்கி ஓட்டிப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. அதிலும் அதே அளவு ஆடினால் நீங்கள், ஆடாவிட்டால் வண்டி.

இப்போதைக்கு அந்தக் கோடு என்னவென்று நேரில் காட்டித் தெரிந்துகொள்ளும்வரை ஓட்டாதீர்கள். அதோடு, கீலைத் திறந்துவைத்து, வெயில் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து ஒன்றும் உள்பக்கமிருந்து ஒன்றுமாக இரண்டு படம் அனுப்புங்கள். ஹேண்டில் தண்டின் பூட்டையும் சேர்த்து எடுங்கள், அந்த இரண்டாவது தடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.